பதிலுக்கு விட்ட இடம்

நம்பிக்கைக்கு விமானச் சீட்டு உண்டு, தங்குமிடம் உண்டு, மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு என்று ஒரு தொண்டு நிறுவனத்தின் அழைப்பு சொன்னது. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு வாரம் தங்கி, ஊரின் ஒலிகளைச் சேகரித்து, ஒரு பாட்டு செய்து தர வேண்டும். பாட்டின் பெயரை அவர்களே வைத்துவிட்டார்கள்: 'நாளை'. சுனாமியும் சண்டையும் மாறி மாறி மிதித்துவிட்டுப் போன ஊருக்கு, பெரம்பூரிலிருந்து ஒரு ஹவுஸ் இசைக்காரன் போய் நாளையை இறக்குமதி செய்வான் என்று எந்த ஏசி அறையில் யாருக்குத் தோன்றியதோ, தெரியவில்லை. நான் உடனே சரி என்றேன். இரண்டு வருடமாக உருப்படியாக ஒன்றும் செய்திருக்கவில்லை. இதுவும் வராவிட்டால் கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் கட்டப் போகலாம் என்ற நிலைமையில் இருந்தேன்.

ஹவுஸ் இசை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரே அடி, கொஞ்சம் பதற்றத்தில் இருக்கிற இதயத்தின் வேகத்தில், விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் யாருடைய குரலையாவது நறுக்கி ஒட்டுவோம். குரல் யாருடையது என்று ஆடுகிறவர்கள் கேட்பதில்லை. ஒட்டுகிற நாங்களும் கேட்பதில்லை. இதைப் படைப்பு என்று நான் பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன்.

கொழும்பில் என்னை அழைத்துப் போக வந்தவர் நிமலன். அழைத்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர், கொழும்பிலேயே வளர்ந்தவர், என்னைவிடச் சின்னவர். வாய்க்கு வாய் ப்ரோ என்பார், வாக்கியத்துக்கு வாக்கியம் விஷன் என்பார். அவருடைய விஷன் வாழைச்சேனைக்குக் கொஞ்சம் முன்னால் வேனின் டயரோடு சேர்ந்து வெடித்தது. டயர் மாற்றும்போது பக்கத்துக் காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் வந்து என் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே காற்றுச் சத்தம் படாமலிருக்க ரோம உறை போட்ட மைக் இருந்தது. அவன் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்து சிங்களத்தில் ஏதோ கேட்டான். "உயிரோட இருக்கிறதா எண்டு கேட்கிறார்" என்றார் நிமலன். அந்த வாரம் என் இசைக் கருவிகளைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட நேர்மையான கேள்வி அது ஒன்றுதான்.

கல்லடியில், பாலத்திலிருந்து நடக்கிற தூரத்தில், நிறுவனத்தின் விருந்தினர் வீடு. சமையல் புவனேஸ்வரி அக்கா. நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர், பல வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். முதல் நாளே பிட்டும் கணவாய்க் கறியும் வைத்து, பின்னால் ஒரு சட்டி எருமைத் தயிரையும் கொண்டுவந்து வைத்தார். சென்னையில் தயிர் என்று எதைக் குடித்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு அன்றைக்குச் சந்தேகம் வந்தது. "சாப்பிடுங்க மனே, மெலிஞ்சிபோய் இரிக்கிறீங்க" என்றார். மனே என்றால் மகனே. மெலிந்து போனதாக என்னை யாரும் சொல்லிப் பல காலம் ஆகிறது. மூன்றாவது தடவையும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஒலி சேகரிக்கக் கிளம்பினோம். முதலில் கண்ணில் பட்டவை பலகைகள். கிணற்றுக்கு ஒரு பலகை, மதகுக்கு ஒரு பலகை, ஒரு கழிப்பறையின் நெற்றியில் நான்கு நாட்டுக் கொடிகள். அதன் கதவை மட்டும் சாத்த முடியவில்லை, கொண்டி இல்லையாம். கரையில் ஃபைபர் படகுகள் குப்புறக் கிடந்தன. சுனாமிக்குப் பிறகு வந்தவர்கள் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் படகு கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்டோக்காரருக்கும் ஒன்று கிடைத்ததாம். "எனக்கு நீந்தவும் தெரியா, மீன் பிடிக்கவும் தெரியா. வேணாம் எண்டா லிஸ்ட்டில பேர வெட்டிப்போடுவாங்கள் எண்டு வாங்கின. இப்ப கோழி அடைக்கிறன்" என்றார். நிமலன் இதைக் கேட்டு ரசிக்கவில்லை. நான் மிகவும் ரசித்தேன். பட்டினப்பாக்கத்திலும் இதே கதைதான். எங்கள் பக்கம் படகுக்குப் பதில் தையல் மெஷின்.

போகிற இடமெல்லாம் என்னிடம் ஒரே கேள்வி: நீங்கள் எந்தப் படத்துக்கு மியூசிக் போட்டீர்கள்? படம் இல்லை என்றதும் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். இந்தியாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் படம் இல்லாத ஆள்.

மூன்றாம் நாள் பாடும் மீன்கள். வாவியில் மீன்கள் பாடும், பௌர்ணமி நிலவில் தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்பது ஊரறிந்த விஷயம். நிதி கொடுக்கும் வெள்ளைக்காரர்களுக்கோ அன்று மாலை நான்கு மணிக்குத்தான் நேரம் ஒதுக்கியிருந்தது. தோணிக்காரர் பௌர்ணமிக்கு இன்னும் நாள் கிடக்கு என்றார். அதை நிமலன் மொழிபெயர்க்கவில்லை. வெயிலில், கச்சான் என்கிற மேல்காற்று முகத்தில் நெருப்பை அள்ளிக் கொட்ட, ஆளுக்கொரு துடுப்பில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கேட்டது பாலத்தின் மேல் போகும் லாரிகள். ஒரு அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு, கேட்கிறது, கேட்கிறது என்றார். அவருக்குக் கேட்டிருந்தால் மீனுக்கே சந்தோஷமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் படுவான்கரைக்குப் போனோம். வாவிக்கு மேற்கே சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை, கடலோரமாக எழுகிற பக்கம் எழுவான்கரை. இவ்வளவு அழகான பெயர்களை வைத்துக்கொண்டிருக்கும் ஊருக்கு 'நாளை' என்று பாட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நடுவே வாவியைக் கடக்க ஒரு தட்டைப் படகு, மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவது. அதை இங்கே பாதை என்கிறார்கள். நடு வாவியில் பாதையின் மோட்டார் நின்றுவிட்டது. நிமலன் போனை எடுத்து யார் யாரையோ அழைத்தார். பக்கத்தில் வட்டைக்குப் போகிற ஒரு விவசாயி, வட்டை என்றால் வயல் வெளி, மூட்டை மேல் வசதியாகச் சாய்ந்துகொண்டார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "இயக்கம் நில் எண்டா நிண்டம், ஆமி நில் எண்டா நிண்டம். இது மோட்டர்தானே தம்பி" என்றார். நான் மைக்கை நீட்டி, அதை இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஆக நான்கு நாளில் என் கையில் சேர்ந்தவை: லாரி, காற்று, கோபித்துக்கொண்ட ஒரு விவசாயியின் மௌனம். பாசிக்குடா ஹோட்டலில் நிறைவு விழாவுக்கு இன்னும் இரண்டு நாள்தான். அறையில் உட்கார்ந்து அடியை மட்டும் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். தும் தும் தும் தும். மேலே வைக்க ஒன்றுமில்லை. மாற்றம், மாற்றம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். என் தொழிலில் மாற்றம் என்றால் சில நொடி அடியை நிறுத்திவிட்டு மறுபடி அதே அடியைக் கொண்டுவருவது. கூட்டம் கையைத் தூக்கிக் கத்தும். நின்றது திரும்பி வருவதற்குத்தான் அந்தக் கத்தல்.

அன்று சாயந்தரம் அக்கா பிளேன்டீயோடு வந்தார். மறு கையில் ஒரு கேசட். லேபிளில் பேனா மை மங்கியிருந்தது.

"தம்பி, நீங்க சத்தம் பிடிக்கிற வேலைதானே. இதில என்ட புள்ளையிட குரல் இரிக்கு. வர வரக் கீழ போகுது. வெளியில எடுத்துத் தர ஏலுமா?"

கேட்கக் கேட்க விவரம் சொன்னார், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வீடு நாவலடியில் இருந்தது, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமான மணல் நாக்கில். இவர் குவைத்தில் இருந்தபோது வீட்டுக்காரரும் மகள் தர்சினியும் பதிவு செய்து அனுப்பிய கேசட் இது. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள், போகிறவர் வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். மார்கழியில் கடல் வந்தது. வீடு இல்லை, ஆட்கள் இல்லை, ஒரு படம்கூட மிச்சமில்லை. அக்காவோடு குவைத்தில் இருந்ததால் கேசட் மிஞ்சியது, அக்காவும் மிஞ்சினார். இதைச் சொல்லிவிட்டு, டீ ஆறுது என்றார்.

கேசட்டை வாங்கிக்கொண்டேன். அக்காவின் பழைய டூ-இன்-ஒன் டேப் ரேடியோவில் போட்டு, நாடா சிக்கிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதலில் அப்படியே கணினியில் ஏற்றிக்கொண்டேன். அலைச் சத்தம், கோழி, எங்கோ உலக்கை, ஏதோ ஒரு முணுமுணுப்பு, இவை எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சின்னப் பெண்ணின் குரல். அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா. நான் மூண்டாம் வகுப்புக்குப் போறன். எனக்கு என்ன கொண்டுவருவீங்க. எப்ப வருவீங்க.

எனக்கு நன்றாக வரும் வேலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அழுக்கெடுப்பது. மறுநாள் காலை முழுக்க உட்கார்ந்தேன். அலையை எடுத்தேன், கோழியை எடுத்தேன், முணுமுணுப்பைச் சுரண்டி எடுத்தேன். குழந்தை ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு நெடுநேரம் சும்மா இருந்தது, வெட்கம் போல என்று நினைத்துக்கொண்டேன். வெற்றிடம் காதுக்கு ஆகாது, எங்கள் பாஷையில் டெட் ஏர். அவற்றையும் வெட்டி, கேள்விகளை நெருக்கமாகச் சேர்த்தேன். குரல் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது போலத் தெளிவாக வந்தது. இரண்டு வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல வேலை இது என்று நினைத்தேன்.

சும்மா இருந்திருக்கலாம். அடியைக் கீழே ஓடவிட்டுப் பார்த்தேன். எப்ப வருவீங்க, தும் தும் தும் தும், எப்ப வருவீங்க. அச்சாகப் பொருந்தியது. பொருந்தியதுதான் அசிங்கம். உடம்பு தானாக ஆடியது. அந்த நேரம் பார்த்து நிமலன் உள்ளே வந்தார்.

அவர் இரண்டு தடவை கேட்டார். கண் கலங்கியது, அது பொய் இல்லை. பிறகு, "இதுதான் ப்ரோ 'நாளை'. சுனாமிக் குழந்தை, வருங்காலத்தைப் பார்த்துக் கேள்வி கேக்குது. அக்காட்ட நான் சொல்லிக்கொள்றன், அவவுக்கு விளங்கும்" என்றார். யாருக்கு எது விளங்கும் என்பதை முடிவு செய்வதில் இந்த நிறுவனங்களுக்கு நல்ல பழக்கம். ஆனால் நானும் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்காவிடம் முதலில் குரலைப் போட்டுக் காட்டுகிறேன், பிறகு கேட்போம் என்றேன். மனதுக்குள் விழா மேடையில் நின்றுகொண்டிருந்தேன்.

சமையல் முடிந்த பிறகு குசினிக்கு மடிக்கணினியை எடுத்துப் போனேன். குசினியில் பெரிய பழைய பிரிட்ஜ் ஒன்று ஊளையிட்டுக்கொண்டிருக்கும். அடியெல்லாம் எடுத்துவிட்டு, குரலை மட்டும் போட்டேன். அக்கா ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு நின்று கேட்டார். முகம் மலர்ந்தது. வாய் எதையோ சொல்லத் திறந்தது, அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. மறுபடி திறந்தது. மறுபடி அடுத்தது. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். அதே மாதிரிதான் ஆனது. அழப் போகிறார் என்று எதிர்பார்த்து, அதற்கும் தயாராக, வாயில் ஆறுதலை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அவ கேக்கிறா. கேட்ட உடன மத்ததுக்குப் போறா" என்றார் அக்கா. "நான் எவடத்த பதில் சொல்ற?"

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். "எங்கட ஆக்கள் கசெட் பேசக்குள்ள, ஒண்டு கேட்டா இடம் விடுவாங்க தம்பி. கசெட்டப் போட்டுக் கேக்கிற ஆள் அவடத்த இரிந்து பதில் சொல்லட்டும் எண்டு. குவைத்தில குசினிக்குள்ள நிண்டு நான் இதோடதான் கதைச்ச. இப்பவும் அப்பிடித்தான். நீங்க என்ட இடத்த வெட்டிப்போட்டீங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, மிக மெதுவாகக் கேட்டார். "அவரையும் காணல்லையே?"

அவர் என்றால் வீட்டுக்காரர். மெஷினைக் கண்டால் கூச்சமாம், என்னவென்று பேசுவது என்று கடைசி வரை தன் பங்குக்கு ஒரு வார்த்தை பேசவில்லையாம். பக்கத்தில் இருந்து பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்ததோடு சரி. நான் காலையில் சுரண்டி எடுத்த முணுமுணுப்பு அவர்.

எனக்கு வந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு மனிதனைக் கடல் ஒரு தடவை கொண்டுபோனது, நான் இன்னொரு தடவை சுத்தமாகத் துடைத்து எடுத்திருக்கிறேன், அதுவும் நன்றாக வந்திருக்கிறது என்று மெச்சிக்கொண்டே. முதலில் ஏற்றியது அப்படியே இருக்கிறது அக்கா, எதுவும் போகவில்லை என்று அவசரமாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். என்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அறைக்குப் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழையதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை எதையும் எடுக்கவில்லை. குழந்தையின் குரலைக் கொஞ்சம் தூக்கினேன், அந்த முணுமுணுப்பையும் கூடவே தூக்கினேன். அலை, கோழி, உலக்கை இருந்த இடத்திலேயே இருந்தன. இடைவெளிகளில் கை வைக்கவில்லை. தொழில் தெரிந்தவன் யாராவது கேட்டால், இதில் என்ன செய்திருக்கிறாய் என்று கேட்பான்.

நிமலனிடம் குரல் கிடையாது என்றேன். ஒப்பந்தம் என்றார், வருத்தம் என்றார், அக்காவின் குரலும் உலகத்துக்குக் கேட்க வேண்டாமா என்றார். அக்காவுக்குப் பேச இருந்த இடத்தையே நாம்தான் வெட்டினோம் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அதையும் அறிக்கையில் போட்டுவிடுவார். அதனால், பாடும் மீன் கிடைத்துவிட்டது, அதை வைத்து முடிக்கிறேன் என்றேன். அவர் முகம் தெளிந்தது.

பாசிக்குடாவில் கடல் அடக்க ஒடுக்கமானது, எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்காலைத் தாண்டாது. புதிதாகக் கட்டிய ஹோட்டலின் புல்வெளியில் வெள்ளைத் துணி சுற்றிய நாற்காலிகள். இறால் ஒரு மலையாக இருந்தது, அதைச் சமைத்தவர்கள் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். தாங்கும் சக்தியைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். பேசிய யாரும் எதையும் தாங்கியதாகத் தெரியவில்லை. பிறகு நான் 'நாளை'யைப் போட்டேன். தும் தும் தும் தும். அதன் மேல் ஆழத்திலிருந்து வருவது போல நீண்ட ஒரு ஊளை, தேய்ந்து, எழுந்து, மறுபடி தேய்ந்தது. தோணியில் கண்ணை மூடிய அம்மையார் இங்கேயும் மூடினார். பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். மீன்களின் குரலில் இவ்வளவு துயரமும் இவ்வளவு நம்பிக்கையும் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பதிவு செய்தது கல்லடிக் குசினியின் பிரிட்ஜ். பயணத்தில் நான் மனமார ரசித்துச் செய்த பாட்டு அது ஒன்றுதான்.

மறுநாள் காலை கல்லடி வீட்டு வாசலுக்கு வேன் வந்துவிட்டது. அக்கா வழிக்கு இடியப்பமும் சம்பலும் கட்டி வைத்திருப்பதாக நிமலன் சொன்னார். வாங்கிக்கொள்ளக் குசினிப் பக்கம் போனேன். முந்தின நாள் விழாவுக்குப் போகும் முன்பே புதியதை ஒரு கேசட்டில் ஏற்றி அக்காவின் கையில் கொடுத்திருந்தேன். கேட்டாரா, சரியாக இருந்ததா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன், உள்ளே டூ-இன்-ஒன் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன கொண்டுவருவீங்க என்றது குழந்தை. அலை வந்து போனது. உடுப்பும் சப்பாத்தும் என்றார் அக்கா. கோழி கத்தியது. எப்ப வருவீங்க என்றது குழந்தை. இந்த இடைவெளிதான் எல்லாவற்றிலும் நீளமானது, அழுக்கெடுக்க உட்கார்ந்த காலையில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது. தெருவில் வேன் ஹாரன் அடித்தது. அக்கா திரும்பவில்லை, துருவுவதை நிறுத்தவும் இல்லை.

"தைக்கு வந்திருவன் மகள்."

இன்னொரு அலை வந்து போகும் வரை டூ-இன்-ஒன் சும்மா இருந்தது. பிறகு ஒரு ஆணின் குரல், தாழ்ந்து, கூச்சத்தோடு, பிள்ளைக்கு மட்டும் கேட்டால் போதும் என்பது போலச் சொன்னது.

"சரி, அம்மா சொல்லிட்டா. அடுத்ததக் கேளு."